பம்புக்கு நாற்காலி போட்டவர்கள் எழுதும் மடல்

கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, தரையில் கிடந்த கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றிச் சுருட்டி, "மேடம், இதை எங்க வைக்கட்டும்?" என்று உங்களிடம் கேட்டு, "பீரோ மேல போடுங்க, நாளைக்கு மறுபடி வேணும்" என்று நீங்கள் சொன்னபடியே போட்டுவிட்டு, மழை பிடித்துக்கொள்வதற்குள் பம்பு அறைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போனவரின் மனைவி எழுதி, இந்த அலுவலகத்தார் அத்தனை பேரும் கையொப்பமிட்டு, இன்று உங்கள் முன் நின்று வாசிக்கும் மடல் இது, அம்மையீர்!

கிராம வளர்ச்சி அலுவலகத்தின் திட்ட அலுவலரே! வரப்பில் நடந்து வரைபடம் வரைந்தவரே! வாய்க்காலும் வகுப்பறையும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்று வாயடைக்கக் காட்டியவரே! கேள்வி ஒன்றையே கருவியாகக் கொண்டு காலமெல்லாம் உழைத்தவரே! ஊரார் வாயில் 'அப்புறம் மேடம்' ஆனவரே! முப்பது ஆண்டுக்கும் மேலான பணியை முடித்து இன்று படியிறங்கும் பெருமகளே!

இப்படி அடுக்கிக்கொண்டே போக எங்களுக்குத் தெரியும். போன ஆண்டு ஓய்வுபெற்ற கணக்கருக்கு ஒரு பக்கம் முழுக்க அடுக்கினோம். அவர் பாதியிலேயே, "இதெல்லாம் என்னைத்தானா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். உங்களுக்கு அடுக்கும்போது மட்டும் வாய் கூசுகிறது. அந்தக் கூச்சத்தை மறைத்துக்கொண்டு மாலை போட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் இருந்தோம். நீங்கள் விடவில்லை.

இதை எழுதியவள் இந்த அலுவலகத்தின் தட்டச்சர். வாசித்துக்கொண்டிருப்பவர் பொறியாளர். சாலை, குடிநீர், பம்பு மூன்றும் அவர் பொறுப்பு. 'நான்தான் வாசிப்பேன்' என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். 'நான்' என்று வரும் இடங்களில் பேசுவது எழுதியவளான நான். 'நாங்கள்' என்று வரும் இடங்களில் அவரும் மற்றவர்களும்.

நீங்கள் வந்தபோது இங்கே ஒவ்வொரு பிரிவும் தனித்தனிக் குடித்தனமாக இருந்தது. பொறியாளர் குழாய் போட்டார். வேளாண் அலுவலர் விதை கொடுத்தார். கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். ஒருவர் செய்வதை இன்னொருவர் ஏன் என்று கேட்பது, பக்கத்து வீட்டுச் சமையலறையில் எட்டிப் பார்ப்பது போன்ற மரியாதைக்குறைவு. அவரவர் வேலை அவரவருக்கு நன்றாகவே நடந்தது. ஊர்தான் ஏனோ நன்றாக ஆகவில்லை. அதற்குக் காரணம் ஊரார்தான் என்று நாங்கள் மனதார நம்பியிருந்தோம்.

தெருக்குழாய் திறப்பு விழா உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாரும் கைதட்டி முடித்ததும் பின்வரிசையிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன மேடம், தண்ணி குடிப்பாங்க" என்றார் பொறியாளர்.

"குடிச்சு, குளிச்சு, மிச்சம் எங்க போகும்?"

"பள்ளத்தைப் பாத்துப் போகும். தண்ணிக்கு நாம வழி சொல்லிக் கொடுக்கணுமா?"

தண்ணீர் வழி கேட்காமலே போனது. பள்ளம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பருவத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். செவிலியர் அலைந்து அலைந்து கால் வீங்கிப் போனார். அந்தத் தெருவுக்குக் குழாய் கொடுத்தோம், கூடவே கொசுவும் கொடுத்தோம். கொசுவுக்கு யாரும் திறப்பு விழா நடத்தவில்லை.

பயிற்சி வகுப்புகளில் இதற்கு அமைப்புச் சிந்தனை என்று பெயர் சொல்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் எதெது அசையும், அசைந்தது எந்த வழியாகச் சுற்றி வந்து தொட்டவர் கையிலேயே படும் என்று முழுதாகப் பார்ப்பது. அந்தப் பெயரை நீங்கள் எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டீர்கள். கோப்பைக் கொண்டுவந்து நீட்டினால் 'அப்புறம்?'. விடுப்பு கேட்டால்கூட 'அப்புறம்?' என்று கேட்பீர்கள் என்று பியூன் உங்களைப் போலவே நடித்துக் காட்டுவார். பால் வண்டிக்காரர், "அப்புறம் மேடம் உள்ள இருக்காங்களா, வெளிய போயிருக்காங்களா?" என்று வாசலிலேயே விசாரித்துவிட்டு, நீங்கள் இல்லையென்றால்தான் உள்ளே வருவார்.

வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம் என்று கண்டுகொண்டு, ஒரு நாள் கயிற்றோடு வந்தீர்கள். கூட்ட அறையில் நாற்காலிகளைச் சுவர் ஓரம் அடுக்கச் சொன்னீர்கள். ஒரு திட்டம் யார் யாரைத் தொடுமோ அத்தனை பேரையும், அதிகாரியானாலும் ஊராரானாலும், வட்டமாக நிற்க வைத்தீர்கள். என் வேலை உங்களைத் தொடும் என்றால் என் மணிக்கட்டிலிருந்து உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு. எல்லாம் கட்டி முடித்த பிறகு யாராவது ஒருவர் இழுப்பார். அந்த இழுப்பு யார் கைக்கு வந்து சேர்கிறதோ அவர், 'எனக்கு இழுக்குது' என்று உரக்கச் சொல்லி, எங்கே இழுக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் பொறியாளர் சலித்துக்கொண்டார்: "வீட்டுல ஒரு கயிறு, ஆபீஸ்ல ஒரு கயிறு. மூக்கணாங்கயிறு ஒண்ணுதான் மேடம் பாக்கி."

"அது என் பிரிவு சார்" என்றார் கால்நடை மருத்துவர். "அளவு எடுத்துக்கட்டுமா?"

சிரித்தோம். ஆனாலும் நின்றோம். நின்றதால் சில தப்புகள் ஊருக்குப் போகாமல் அந்த அறையிலேயே நின்றன. அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், பாராட்டுகிறோம்.

இனி, பால் திட்டம்.

வீட்டுக்கு ஒரு கறவை மாடு என்பது திட்டம். வழக்கம்போல் வட்டம் கூடியது. மாட்டுக்குக் கால்நடை மருத்துவர், புல்லுக்கு வேளாண் அலுவலர், பாலுக்கு வண்டிக்காரர். நீங்கள் மாட்டின் கயிற்றை இழுத்ததும், எதிர்ப்பக்கம் நின்ற பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, "எனக்கு இழுக்குது" என்றார்.

"மாட்டுக்கும் உங்களுக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"காலையில புல்லறுக்க யாரு போவான்னு நினைக்கிறீங்க? என் எட்டாம் வகுப்புப் பொண்ணுங்கதான். முதல் ரெண்டு பாடத்துக்கு நான் சுவத்தைப் பாத்துதான் நடத்தணும்."

புல்லை அறுத்து வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ப் போடுவது என்று அங்கேயே மாற்றினோம். எங்களை நினைத்து எங்களுக்கே பெருமை பிடிபடவில்லை.

புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் பம்பு வேண்டும். பம்புக்கும் வட்டத்தில் ஓர் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. பொறியாளரின் இரண்டு கையிலும் ஏற்கெனவே கயிறு. "ஒரு சேரைப் போட்டு அதுல கட்டிடலாமே" என்று யாரோ சொன்னார்கள். நீங்களும் சரி என்றீர்கள். சுவர் ஓரம் அடுக்கியிருந்ததில் ஒன்றைத் தூக்கிவந்து வட்டத்தில் வைத்து, புல்லிலிருந்து வந்த கயிற்றை அதன் காலில் கட்டினார்கள். தூக்கிவந்தவர் என் கணவர். கட்டியவரும் அவர்தான், முடிச்சுப் போட அவருக்கு நன்றாக வரும். அந்தப் பம்பை நாள்தோறும் போட்டு நிறுத்துபவரும் அவரேதான்.

வேளாண் அலுவலர் புல்லை இழுத்தார். நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து மல்லாக்க விழுந்தது. அறையே சிரித்தது. என் கணவரும் சிரித்தபடி அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடி சுவர் ஓரம் போய் நின்றுகொண்டார். நாற்காலி, 'எனக்கு இழுக்குது' என்று சொல்லவில்லை. அடுத்த கயிற்றுக்குப் போனோம்.

அன்று வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"இன்னைக்கு நம்ம பம்பு ஆபீஸருங்களோட வட்டமா நின்னுச்சு, தெரியுமா?"

"நீங்க?"

"நான் சுவத்தோரமா நின்னு பாத்தேன். என்னமா விழுந்துச்சு பாக்கணுமே!"

நானும் சிரித்தேன்.

பால் திட்டம் நன்றாக நடந்தது. புல் வளர்ந்தது, பால் பெருகியது, மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அதுவரை காலையில் மட்டும் ஓடிய பம்பு, மதியமும் ஓட வேண்டியதாயிற்று, பிறகு மாலையும். மோட்டார் சூடேறினால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். மோட்டாரையும் ஆளையும் காப்பதற்காகத்தான் அதை அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். விழுந்த போதெல்லாம் அவருக்கு போன் வரும். "தண்ணி நின்னுபோச்சு, தூங்குறியாய்யா?" சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுப்பார். வேறு ஸ்டார்ட்டர் கேட்டார். கூட ஓர் ஆள் கேட்டார். பொறியாளர் சொன்ன பதில், இதோ அவரே இப்போது உங்களுக்கு வாசித்துக் காட்டுவது: "அடுத்த வருஷம் பாக்கலாம்யா. நீதான் இருக்கியே."

ஒரு நாள் அவர் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, ஸ்டார்ட்டர் விழாதபடி முட்டுக்கொடுத்து வைத்தார். தண்ணீர் நிற்கவில்லை. போன் வரவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் கட்டையை ரகசியமாக வைக்கவில்லை. பம்பு அறைக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பொறியாளர் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்யா நீ" என்றார். வேளாண் அலுவலர் கூட்டத்தில் அவர் தோளைத் தட்டி, "புல்லு பச்சையா இருக்குன்னா அதுக்கு இவர்தான் காரணம்" என்று அறிமுகம் செய்தார். அன்று என் கணவர் வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் அதை இரண்டு தடவை சொன்னார்.

அந்த மழை நாளில், கயிற்றைப் பீரோ மேல் போட்டுவிட்டு அவர் அவசரமாகப் போனது பம்பை நிறுத்துவதற்கு. மழை பெய்தால் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம். அவர் போவதற்கு முன்பே மோட்டார் கருகியிருந்தது. கட்டை முட்டுக்கொடுத்திருந்ததால் ஸ்டார்ட்டர் விழவில்லை; மின்சாரம் இரும்புக் குழாயில் இறங்கி நின்றது. அவர் வால்வைத் திருகக் கை வைத்தார்.

விசாரணை நடந்தது. அதன் முடிவைப் பொறியாளர் எழுதினார். இறந்ததற்குக் காரணம், பம்பு இயக்கியவரின் கவனக்குறைவு. கெட்டிக்காரத்தனம் என்று நாங்கள் தட்டிக்கொடுத்த அதே கட்டைக்கு ஒரே வாரத்தில் நாங்கள் வைத்த பெயர் அது. எழுதியது பொய் என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்னும் வெட்கம். கட்டையை வைத்தது அவர் கை என்பது உண்மைதானே என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், உங்களைத் தவிர.

அன்று நான் இந்த அலுவலகத்தில் இல்லை. நடந்ததைக் கால்நடை மருத்துவர் பிறகு சொன்னார். நீங்கள் அந்தத் தாளை மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு, "கட்டையை வெச்சது அவர் கை. அந்தக் கையைத் தள்ளினது எது? நாம கட்டின கயிறு. அதை எழுதுங்க, போடுறேன்" என்றீர்களாம்.

"மேடம், கயிறு மேல எல்லாம் விசாரணை வைக்க முடியாது."

"அப்போ என் கையெழுத்தும் வைக்க முடியாது."

அதற்கு உங்களுக்கு என்ன கிடைத்தது என்பது இங்கே இருக்கும் எல்லாருக்கும் தெரியும். எங்களில் பலர் ஒரு படி, இரண்டு படி என்று மேலே போனோம். உங்களிடம் வேலை கற்றுக்கொண்ட வேளாண் அலுவலர் உங்களுக்கே உத்தரவு போடும் இடத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். நீங்கள் வந்த அன்று எந்த மேசையில் உட்கார்ந்தீர்களோ அதே மேசையிலிருந்து இன்று எழுந்திருக்கிறீர்கள். ஒரு நாளும் ஒரு சொல் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எங்களுக்கு இதைவிட இலகுவாக இருந்திருக்கும்.

அம்மையீர்! காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு ஒரு மத்தியான வேளையில் நீங்கள் தனியாக என் வீட்டுக்கு வந்தீர்கள். வந்தவர்கள் எல்லாரும், 'விதி', 'நேரம்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

"பம்புக்கு நாற்காலி போட்டுக்கலாம்னு சரி சொன்னது நான்தாம்மா" என்றீர்கள். "ஆளு பக்கத்துலயே நின்னாரு. அவர் கையில கட்டணும்னு எனக்குத் தோணல. அந்த ரூமுக்கு நான் ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கல."

எனக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் வந்தது. "சரி மேடம். அப்புறம்?" என்று கேட்டேன்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கடைசிவரை உட்காரவில்லை. நானும் மறுபடி உட்காரச் சொல்லவில்லை.

பதிலைச் சொல்லாமல் செய்து காட்டினீர்கள். அடுத்த திட்டத்துக்கு வட்டம் கூட்ட வேண்டிய நாள் வந்தபோது, "இனிமே இந்தக் கயிறு வேண்டாமே மேடம், பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு" என்று நாங்கள் சொன்னோம். நீங்களே ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பீரோ மேலிருந்து அதை எடுத்தீர்கள்.

"கயிறு ஒண்ணும் தப்புப் பண்ணல சார். இந்த வட்டத்துல இனிமே எந்தப் பொருளும் நிக்காது. பம்பு வேணுமா, பம்பை ஓட்டுறவர் வரட்டும். வண்டி வேணுமா, ஓட்டுறவரும் ஏத்தி இறக்குறவரும் வரட்டும். நாமளும் கயிறு கொடுக்கிற ஆளா வெளிய நிக்கக்கூடாது. மேலிடத்துல நல்ல பேர் எடுக்கணும்னு நாம இழுக்கிறோமே, அந்தக் கயிறையும் கட்டுங்க."

அதுவரை ஊரை நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். எங்கள் அவசரமும் அந்த ஊரின் ஒரு பகுதி என்று எந்தப் பயிற்சியிலும் எங்களுக்குப் படவில்லை. அன்று மணிக்கட்டில் பட்டது.

பம்புக்குப் புதிதாக வந்தவர் வாய்த்துடுக்கானவர். அவர் கையில் கயிறு கட்டியதுமே, இழுப்பதற்கு முன்பே, "மேடம், எனக்கு எல்லாப் பக்கமும் இழுக்குது. நான் என்ன துணி காயப்போடுற கொடியா?" என்றார்.

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அன்று மாலையே பொறியாளர் புதிய ஸ்டார்ட்டருக்கும் கூட ஓர் ஆளுக்கும் எழுதிப்போட்டார். இரண்டும் வந்தன. கேட்டவர் இல்லாதபோது வந்தன.

அந்த வட்டத்தில் நானும் இருந்தேன். அவர் போனதால் எனக்கு இங்கே வேலை கொடுத்திருந்தார்கள். பம்பு தெரியாது, தட்டச்சுத் தெரியும் என்று உட்கார வைத்தார்கள். எல்லாரும் என்னிடம் மிகவும் அன்பாகத்தான் இருந்தார்கள். என் மேசைப் பக்கம் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். என் தேநீரை மட்டும் பியூன் மூடிபோட்டுக் கொண்டுவருவார். ஆனால் 'கவனக்குறைவு' என்ற அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று நானும் கேட்கவில்லை. பிள்ளையோடு பிழைக்க வேண்டுமே என்று இருந்துவிட்டேன்.

என் மகள் வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ, "உங்க அப்பாதானே கட்டை வெச்சு மாட்டிக்கிட்டவரு?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் நின்று, "அம்மா, அப்பா கவனமில்லாத ஆளா?" என்றாள்.

"முதல்ல சாப்பிடு" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில்தான் அவள் என்ன பதிலை எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

இப்போது நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்றதும் விழாக்குழு கூடியது. தங்க நிற விளிம்பு வைத்த கண்ணாடிச் சட்டத்தை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். "சட்டம் ரெடி. உள்ள போட எழுத்துதான் பாக்கி" என்று பியூன் அதை எல்லா மேசைக்கும் காட்டிக்கொண்டு போனார். எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் உங்களிடம் வந்து, பணியில் சேர்ந்த ஆண்டு, பார்த்த பொறுப்புகள் எல்லாம் கேட்டேன். நீங்கள் சொன்னது வேறு.

"விழா வேண்டாம்மா. செஞ்சே தீருவோம்னா என்னைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம். அந்த மனுஷன் கவனக்குறைவால சாகலைன்னு ஒரு வரி எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா வந்து வாங்கிக்கிறேன். இல்லேன்னா இப்படியே பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

இதை அப்படியே குழுவில் சொன்னேன்.

வேளாண் அலுவலர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மேடம் சொல்றது சரிதான். ஆனா இப்போ இப்படி எழுதினா, அன்னைக்கு நாம எல்லாரும் பொய் சொன்னோம்னு ஆயிடுமே?"

"சொன்னோமே சார்" என்றார் கால்நடை மருத்துவர்.

"பாராட்டு மடல்ல போய் யாராவது இதை எழுதுவாங்களா? இது சுவத்துல மாட்டுறது, டாக்டர்."

"சுவத்துல மாட்டுறதுக்குத்தானே கேக்குறாங்க."

பொறியாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் என்னை நேராகப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"எழுதுங்கம்மா. எதையும் விட வேண்டாம். நான் சொன்னதையும் போடுங்க. நானே வாசிக்கிறேன்."

வேளாண் அலுவலர் அன்று கையெழுத்துப் போடவில்லை. நேற்றுக் காலை, அலுவலகம் திறந்த உடனே, என் மேசைக்கு வந்து, "பேனா இருக்காம்மா?" என்றார். அவர் சட்டைப்பையிலேயே ஒன்று இருந்தது. என்னுடையதைக் கொடுத்தேன்.

ஆகவே, அம்மையீர், இந்தச் சட்டத்தின் நடுவில், நீங்கள் கேட்ட வரி பெரிய எழுத்தில் இருக்கிறது: 'எங்கள் பம்பு இயக்குநர் கவனக்குறைவால் இறக்கவில்லை.' அதன் கீழே நீங்கள் கேட்காத இன்னொரு வரியும் இருக்கிறது. அது தட்டச்சில் இல்லை. பொறியாளர் தம் கையால் எழுதியது: 'எங்கள் கவனக்குறைவால் இறந்தார்.' கையொப்பங்கள் எல்லாம் அந்த இரண்டாவது வரிக்கும் சேர்த்துத்தான்.

மேலிடத்தில் இருக்கும் பழைய தாளை இது மாற்றிவிடாது என்று எங்களுக்குத் தெரியும். மாற்றச் சொல்லித் தனியே எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. வரும்வரை எழுதுவோம். இதைக் கேட்டு நீங்கள் எங்களை மன்னிக்க வேண்டும் என்று கேட்க வரவில்லை. நீங்கள் இத்தனை ஆண்டு தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததில் எங்கள் பங்கை இன்றாவது எங்கள் தோளுக்கு மாற்றிக்கொள்ளவே வந்திருக்கிறோம். உங்களுக்கு ஓய்வு என்று நாங்கள் வேறு எதைத் தர முடியும்?

நீங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது பிடித்துக்கொள்ளும் அந்த இடது முழங்கால் இனி எந்த வரப்பையும் தாண்ட வேண்டாம். எந்தப் பக்கமும் யாரும் இழுக்காத காலை வேளைகள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும். இழுத்தால், அது நீங்களாக விரும்பிக் கட்டிக்கொண்ட கயிறாக இருக்கட்டும். எங்களுக்கு ஆரோக்கியம் வேண்டுமென்றால், எப்போதாவது வந்து பின்வரிசையில் உட்கார்ந்து எங்களிடம் 'அப்புறம்?' என்று கேளுங்கள்.

என் மகள் இந்தக் கூட்டத்தில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள். இனி வருவது அவளுக்கு. நீ பையோடு நின்று கேட்டாயே, அதற்குப் பதில். உன் அப்பா வீட்டில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட யாரையும் விட்டதில்லை. நீ எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு வளர்ந்த வருஷம், சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, கை துடைக்க ஒரு துண்டை மாட்டி வைத்தார். துண்டு எத்தனையோ கிழிந்து மாறிவிட்டது. ஆணி அங்கேதான் இருக்கிறது. இன்று காலை விளக்கைப் போடும் முன், நீயும் அதில்தான் கை துடைத்தாய்.

இங்ஙனம்,
தலைகுனிந்தும் அன்பு குறையாமலும்,
பொறியாளர், வேளாண் அலுவலர், கால்நடை மருத்துவர், தலைமையாசிரியை, செவிலியர், பியூன், பம்பு இயக்குநர்கள் இருவர், தட்டச்சர்,
மற்றுமுள்ள அலுவலகத்தார்